சொந்தக்காரர்களுக்குப் பார்க்கக் கூடாது

குடிகாரர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் வேலைக்கு இரண்டு வழியில் போகலாம். ஒன்று, படித்துப் போவது. பன்னிரண்டாவது முடித்து, பி.ஏ. முடித்து, எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, அதன்மேல் சென்னையில் மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சி முடித்து, அதற்கும் மேல் களப்பணி என்று ஒன்று செய்து, யாரோ ஒரு மேற்பார்வையாளர் மனம் வைத்துக் கையெழுத்துப் போட்டால் வேலை. இன்னொரு வழி சுலபம். வயிறு முட்டக் குடித்து, குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தி, பிறகு இரண்டு வருஷம் தொடாமல் இருந்து காட்டினால் போதும், ‘சக வழிகாட்டி’ என்று மாலை போட்டுக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள். கண்ணமங்கலத்தில் நான் நர்ஸாக இருக்கும் மறுவாழ்வு மையத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம், குடிக்காமல் இருந்த நாமெல்லாம் கூறுகெட்டவர்களோ என்று எனக்குத் தோன்றும்.

கலைவாணி படிக்கிற வழியில் போனவள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊர்க்காரி, எனக்குத் தங்கை முறை. தாய் சின்ன வயசிலேயே போய்விட்டாள். இருப்பது அப்பன் ஒருவர்தான். அவர் பெயர் மாதையன், எனக்குச் சித்தப்பா. சாமை விதைப்பதிலும் புளியமரம் ஏறி உலுக்குவதிலும் அவரை அடிக்க மலையில் ஆள் கிடையாது. குடிப்பதிலும் கிடையாது.

கத்துகிற, அடிக்கிற குடிகாரராக இருந்தால்கூட ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். இவர் சிரிக்கிற குடிகாரர். “நாளைலேர்ந்து தொட மாட்டேம்மா, உன் தலைமேல சத்தியம்” என்று மகள் தலையில் கை வைத்துச் சொல்லுவார். அந்தச் சத்தியங்களில் பாதி பலித்திருந்தாலும் அவள் தலையில் ஒரு மயிர் மிஞ்சியிருக்காது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, வேலூரில் டாக்டரிடம் கூட்டிப்போனபோது அந்த டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், இப்படியே குடித்தால் அடுத்த பொங்கலைப் பார்ப்பது கஷ்டம் என்று. சித்தப்பா அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுச் சிரித்துவிட்டு வந்தார். எங்கள் மையத்தில் இரண்டு தடவை சேர்த்தோம். இரண்டு தடவையும் குளியலறைப் பக்கச் சுவரைத் தாண்டி மலைக்கே நடந்து போய்விட்டார்.

அப்பனைக் காப்பாற்றத்தான் அவள் இந்தப் படிப்பையே படித்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் பேச்சு. மலையில் உண்டு உறைவிடப் பள்ளி, திருவண்ணாமலையில் ஒரு விடுதி, வேலூரில் ஒரு விடுதி, சென்னையில் ஒரு விடுதி என்று புழு நெளியும் சாம்பாரைக் குடித்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினாள். எல்லாம் எதற்கு? மாதையன் என்கிற ஒரு மனுஷனை எதிரே உட்காரவைத்துச் சரியாகப் பேசத் தெரியவேண்டும் என்பதற்காக.

சென்னைப் பயிற்சியின் முதல் வகுப்பில் முதல் விதியாக என்ன சொன்னார்கள் தெரியுமா? சொந்தக்காரர்களுக்குப் பார்க்கக் கூடாது.

சொன்னவர் ஆதிநாராயணன். பயிற்சியாளரும் அவர்தான், களப்பணிக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். இவள் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள், “அப்பாவா இருந்தா சார்?” என்று. “அப்பான்னா கண்டிப்பா கூடாதும்மா. எமோஷனல் ஆகிடுவீங்க” என்றாராம். வருஷக்கணக்கில் படிக்கவைத்துவிட்டு வாசலில் நிறுத்தி இதைச் சொல்லுகிறார்களே, இதை முதலிலேயே ஒரு பலகையில் எழுதி மாட்டினால் என்ன குறைந்துவிடும்? அன்று சாயங்காலம் அவள் எனக்குப் போன் பண்ணி அழுதாள். “மூட்டையக் கட்டினு வந்து சேருடி” என்றேன் நான். அவள் கேட்கவில்லை. “மத்தவங்களுக்குப் பாத்தாவது தொழில கத்துக்கறேன்க்கா. அப்பால அப்பாவுக்கு எதாவது வழி கெடைக்கும்” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பயிற்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு நாள் எல்லாரையும் குடிகாரராக நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் தள்ளாடினான், ஒருத்தி துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடினாள், அறையே சிரித்தது. கலைவாணி நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெண்ணின் தலையில் கை வைத்து, “நாளைலேர்ந்து தொட மாட்டேம்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆதிநாராயணன் கொட்டாவி விட்டுவிட்டு, “நடிப்பு பத்தல. கொஞ்சம் தள்ளாடுங்க” என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். குடியைப் பற்றிப் பாடம் எடுக்கும் மனுஷன் குடிகாரனைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார் போல.

களப்பணிக்கு அவளை எங்கே போட்டார்கள்? எங்கள் ஊரிலேயே போட்டார்கள். ‘மண்ணின் மகள்’ என்று ஏதோ கூட்டத்தில் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்குமாம். “சார், அங்க எல்லாருமே எனக்கு சொந்தம். ஒண்ணு பங்காளி, இல்லாட்டி மாமன் மச்சான்” என்று இவள் சொல்லிப் பார்த்தாள். “அப்பாவை மட்டும் விட்டுடுங்க. மத்தவங்களைப் பார்க்கலாம்” என்றார் அவர். விதி முதல் நாள் இரும்பாக இருந்தது, அவருக்குத் தேவை வந்ததும் ரப்பராகிவிட்டது. கூடவே இரண்டாவது விதியையும் சொல்லி அனுப்பினார். ஆலோசனை மூடிய அறையில்தான் நடக்கவேண்டும், முக்கால் மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது, உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது.

பஸ் வந்து திரும்பும் இடத்தில் பழைய ரேஷன் கடைக் கட்டடம் சும்மா கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி இரண்டு நாற்காலி போட்டாள். தகரக் கதவு. சாத்தினால் அரை ஊருக்குக் கேட்கும்.

இங்கேதான் அவளை நானே திட்டவேண்டியிருக்கிறது. ஆதிநாராயணனுக்குத் தெரியாது, சரி. எங்கள் மலையில் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டாமா? கட்டிக்கொள்ளும் முறையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே கதவைச் சாத்திக்கொண்டால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கல்யாணம். தாலி பிற்பாடு வரும், அவ்வளவுதான். அத்தனை வருஷம் விடுதியில் இருந்ததில் அவளுக்கு இந்தச் சின்ன விஷயம் மறந்தே போய்விட்டது.

முதலில் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒருவன் வந்தான். சந்திரன், அவளுடைய அத்தை மகன். மாதையன் சித்தப்பாவின் தங்கை சாந்தம்மாள் பெற்ற பிள்ளை. ஜீப் ஓட்டுகிறவன், ஒரு தடவை போதையில் ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுப் பிழைத்தவன். அந்தப் பயத்தில் வந்தான். ஊர் மொத்தமும் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்துப் பதுங்கிப் பதுங்கி வந்தான். இவள் விதிப்படி கதவைச் சாத்தினாள், முக்கால் மணி நேரம் பேசினாள். அவன் நிஜமாகவே குடியை நிறுத்தினான். மாத்திரைக்கு என்னிடம் வந்ததால்தான் எனக்கே இதெல்லாம் தெரியும். நிறுத்தியதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கூட்டாளிகளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லித் திரிந்தான். எங்கள் ஊரில் குடிக்கிறவனுக்குக் காரணம் வேண்டியதில்லை, குடிக்காதவன்தான் காரணம் சொல்லவேண்டும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் யாரோ பார்த்துவிட்டார்கள்.

பஞ்சாயத்துக் கூடிய அன்று நானும் அங்கே இருந்தேன். ஆதிநாராயணன் மேற்பார்வைக்கு வந்தார், வழிகாட்ட மையத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கினால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கலைவாணி நிற்கிறாள், நாலடி தள்ளிச் சந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வேடியப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு விசாரிக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் காலையிலேயே வாயில் வாடை.

“கதவ சாத்தினது நெஜம்தானமா?”

“நெஜம்தான் மாமா.”

“ஒரு நாளா, ரெண்டு நாளா?”

“நெறைய நாளு.”

“உள்ள இன்னா பண்ணீங்க?”

“பேசினு இருந்தோம்.”

கூட்டம் சிரித்தது. பல்லில்லாத கிழங்கள்கூடச் சிரித்தன. “அத்தினி நேரம் இன்னா பேசினீங்க, எங்களுக்கும் சொல்லேன்” என்றார் வேடியப்பன்.

“அத நான் சொல்லக் கூடாது மாமா.”

நான் நேராகச் சந்திரன் பக்கத்தில் போய் நின்றேன். “ஏன்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா? நீ எதுக்கு வந்தன்னு நீயே சொல்லேன்டா” என்றேன். ஒரே ஒரு வாக்கியம். குடியை நிறுத்த வழி கேட்டு வந்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்பிள்ளை ஒருத்தியிடம் போய்க் குடியை நிறுத்த வழி கேட்டு அழுதான் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் அவனை ஓட்டுவார்கள்.

“எனக்கு அவள புடிச்சிருந்திச்சி. அதான் போனேன்” என்றான்.

வெட்கங்கெட்ட நாய். அவன் கூட்டாளிகள் விசில் அடித்தார்கள். எங்கள் ஆண்பிள்ளைகளுக்குப் பெண்ணோடு பிடிபடுவது பெருமை, திருந்துவதற்கு முயற்சி செய்தது அவமானம். நான் கலைவாணியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

ஆதிநாராயணன் மெல்ல அவள் காதருகே போனார். “சொல்லிடும்மா. டிரீட்மென்ட்டுக்குத்தான் வந்தான்னு சொல்லிட்டா பிரச்சினை தீர்ந்துது. இதுல என்ன இருக்கு?” என்றார்.

“உள்ள பேசினது வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீங்க?”

“அது கிளாஸ்ல சொல்றதும்மா” என்றார் அவர். இப்படியும் ஒரு வாத்தியார். பிறகு வேடியப்பன் இவர் பக்கம் திரும்பி, “நீங்க இன்னா சொல்றீங்க சார்?” என்று கேட்டபோது, “உள்ளூர் பழக்கவழக்கத்துல எங்க நிறுவனம் தலையிடறதில்லீங்க” என்று கையைப் பிசைந்தார். நானே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். கலைவாணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

சாந்தம்மாள் அத்தைக்கு வாயெல்லாம் பல். “எங்க அண்ணன் பொண்ணு, எனக்கு வர்றதுல இன்னா கொற? வர்ற முகூர்த்தத்துலயே வச்சிடலாம்” என்றாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதையன் சித்தப்பா தள்ளாடாமல் எழுந்து நின்றார், சிரித்தார். “எந் தங்கச்சி மவன்தான. கட்டிக்கம்மா” என்றார். அவளை உடைத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவரை நிமிர்ந்து நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் கட்டிக்க மாட்டேன்” என்றாள் குனிந்தபடியே.

“அப்ப அபராதம்” என்றார் வேடியப்பன். எங்கள் ஊர் அபராதம் என்னவென்றால், ஊருக்கு ஒரு ஆட்டை அடித்துப் போடவேண்டும், பெரியவர்களுக்குப் பாட்டில் வாங்கி வைக்கவேண்டும். எல்லாரும் குடித்தால்தான் வழக்கு தீர்ந்ததாகக் கணக்கு.

“ஆடு போடறேன். பாட்டில் வாங்க மாட்டேன்.”

“பாட்டில் இல்லாம எப்பிடிமா? அதான வழக்கம்.”

“எங்கப்பாவும் அதுல குடிப்பாரு மாமா. என் கையால நான் அத வாங்கி வைக்க மாட்டேன்.”

இதைச் சொன்னதும் பெரியவர்கள் சிலர் மாதையன் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் இவர்களுக்கும் புத்தி வந்துவிட்டதோ என்று நான் ஏமாந்தேன். வேடியப்பன் பக்கத்துப் பெரியவர்களோடு குசுகுசுவென்று பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அபராதம் கட்டாதவள் ஊரோடு சேர்ந்தவள் இல்லை. இன்றிலிருந்து அவள் யாருக்கும் மகள் இல்லை, அக்கா தங்கை இல்லை, அத்தை மகள் மாமன் மகள் இல்லை. ஒருவரும் அவளை முறை வைத்துக் கூப்பிடக் கூடாது. யார் வீட்டுப் படியும் அவள் ஏறக் கூடாது, அப்பன் வீட்டுப் படி உட்பட. ஒரு பாட்டிலை வாங்கித் தராததற்கு இவ்வளவு பெரிய தண்டனை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“சித்தப்பா, நீ பெத்த பொண்ணு! எதுனா பேசு” என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஊரு சொல்லிடிச்சேம்மா” என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போலீஸுக்குப் போகலாம், கலெக்டருக்கு மனு கொடுக்கலாம், இப்படித் தள்ளி வைப்பது சட்டப்படி குற்றம் என்று அவளிடம் மன்றாடினேன். “போலீஸ் வந்தா அப்பறம் எவன்க்கா என்னாண்ட வருவான்?” என்றாள். துணிமூட்டையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக் கட்டடத்துக்கே குடிபோய்விட்டாள். திரும்பும்போது ஜீப்பில் ஆதிநாராயணன், “கம்யூனிட்டியோட ஒத்துப்போகலைன்னு ரிப்போர்ட்ல எழுதவேண்டியிருக்கும். கையெழுத்துப் போடறது கஷ்டம்” என்றார். நான் அவரைக் கேட்ட கேள்விகளை இங்கே அச்சில் போட முடியாது. படவேட்டிலேயே ஜீப்பை விட்டு இறங்கி பஸ் பிடித்துப் போய்விட்டார்.

அவ்வளவுதான், இவள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த தடவை மருந்து, மாத்திரை எடுத்துக்கொண்டு மலையேறினேன். போனால், கட்டடத்துக்கு வெளியே இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. பட்டப்பகல், ஊர் முழுக்கப் பார்க்கிறது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்த ஆள் வெளியே வந்தபோது பார்த்தேன், வேடியப்பனின் சொந்தத் தம்பி.

“இன்னாடி இது?” என்றேன்.

கலைவாணி சிரித்தாள். “எனக்குத்தான் இப்ப யாரோடயும் முறை இல்லையேக்கா. முறை இல்லாதவளோட கதவ சாத்தினா தப்பு இல்லையாம். ஃபாரஸ்ட் கார்டுகிட்ட, போஸ்ட்மேன்கிட்ட பேசற மாதிரியாம். கவுண்டரே சொல்லிட்டாரு.”

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தங்கையிடம் சொல்ல வெட்கப்பட்டதை, மாமன் மகளிடம் சொல்லக் கூடாததை, இப்போது அந்நியப் பெண்ணிடம் வந்து கொட்டுகிறார்கள். அந்த அந்நியப் பெண்ணையும் அவர்களேதான் உண்டாக்கினார்கள்.

“அந்த சந்திரன்?”

“வந்தான். பஞ்சாயத்து முடிஞ்ச அன்னிக்கே மறுபடியும் குடிச்சதுதான் ஊருக்கே தெரியுமேக்கா. உக்கார வச்சிப் பேசினேன்.”

“செருப்பாலயே நாலு போட்டு அனுப்பியிருக்கணும்.”

“அதுக்குப் பயிற்சில எடம் இல்லக்கா” என்றாள்.

ஆதிநாராயணனுக்கும் சேதி எட்டிவிட்டது. இத்தனை பேர் வருகிறார்கள் என்றதும் அவருக்கு அவள்மேல் திடீர்ப் பாசம். போன் பண்ணி, முன்மாதிரிக் களப்பணி என்று புகழ்ந்தாராம். அடுத்த மாதம் படம் எடுக்க ஆள் அனுப்புகிறாராம், கையெழுத்தும் போட்டுத் தருகிறாராம். “விதிப்படி எல்லாமே சுத்தம்மா. வர்ற ஒருத்தர்கூட உங்களுக்கு சொந்தம் இல்ல பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷனுக்கு நாக்கும் கூசவில்லை. அப்பன் வீட்டுக்கு அவள் போக முடியாது, சாவுக்கு வந்து நிற்க முடியாது, பொங்கலுக்கு ஒருவர் வீட்டில் கை நனைக்க முடியாது. அதற்கெல்லாம் ஒரு தகுதிச் சான்றிதழ். எம்.எஸ்.டபிள்யூ.விலும் சென்னைப் பயிற்சியிலும் கிடைக்காத அந்தத் தகுதியை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஒரே நாளில் கொடுத்துவிட்டது.

நான் கிளம்பலாம் என்று எழுந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. மாதையன் சித்தப்பா. குளித்திருந்தார், தலை ஈரம் காயவில்லை, துவைத்த சட்டை. வயிறு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. வாடை இல்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளாவது குடிக்காமல் இருந்தால்தான் அவருக்கு அப்படி நடுங்கும்.

அவர் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “உள்ள வரலாங்களா?” என்று கேட்டார்.

கலைவாணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை.

“வாங்க. உக்காருங்க.”

மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டாள்.

“உங்க பேருங்க?”

“மாதையன்ங்க.”

“வூட்ல யார் யார் இருக்காங்க?”

நாற்காலி கிறீச்சிட்டது.

“யாரும் இல்லீங்க. ஒரு பொண்ணு இருந்திச்சிங்க” என்றார்.

அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.